பத்து நிமிட அழுகை, பதினேழு நிமிட அழுகை

ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியை (நான்கு பகுதிகள் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா இசை) அமெரிக்க இசை நடத்துநர் பெர்ன்ஸ்டைன் 1986-இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு நடத்தியபோது, அழுகையாக ஒலிக்கும் கடைசிப் பகுதிக்கு மட்டும் 17 நிமிடம் எடுத்துக்கொண்டார். ரஷ்ய நடத்துநர் ம்ராவின்ஸ்கி 1960-இல் லெனின்கிராட் பில்ஹார்மோனிக் குழுவோடு செய்த பதிவில் அதே பகுதி 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

என் ஓட்டு ம்ராவின்ஸ்கிக்குத்தான். பெர்ன்ஸ்டைன் கடைசிச் சொட்டுவரை பிழிந்தெடுக்கிறார்; கேட்டு முடித்தால் ஆளே அசந்துபோகிறேன். மற்றவர், சாவு வீட்டில் கண்கலங்காமல் காரியம் பார்க்கும் மூத்த பிள்ளை மாதிரி.

அந்தப் பகுதியின் தொடக்கத்தை ஹெட்போனில் கேளுங்கள். நம் காதில் விழும் மெட்டை உண்மையில் யாருமே முழுசாக வாசிப்பதில்லை! முதல் வயலின்களுக்கு ஒரு சுரம், இரண்டாம் வயலின்களுக்கு அடுத்தது என்று பங்குபோட்டு எழுதியிருக்கிறார் சைகோவ்ஸ்கி. ம்ராவின்ஸ்கி இரு அணியையும் மேடையில் இடமும் வலமுமாக உட்காரவைத்தவர். அதனால் மெட்டு இரண்டு காதுக்கும் நடுவில் கிடந்து நடுங்குகிறது.

மூன்றாம் பகுதியான மார்ச் (அணிவகுப்பு நடையிலான இசை) இருவரிடமுமே பிரமாதம். கச்சேரியில் அது முடிந்ததும், சிம்பொனியே முடிந்ததென்று நினைத்து ஜனங்கள் கைதட்டிவிடுவதுண்டு. எனக்கு அதில் ஆட்சேபமில்லை.

ஒரு எச்சரிக்கை: முதல் பகுதியின் நடுவில் ஓசை தேய்ந்துபோகிறதே என்று வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள். அடுத்த நொடி மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் இடியாக இறங்கும்.