பாத்திகளுக்கு நடுவே பாதை: எதைப் போட்டால் வேலை குறையும்?

பாத்தியைத் தினமும் பார்க்கிறோம், தண்ணீர் விடுகிறோம், முளைத்த களையை அப்போதே கிள்ளிப் போடுகிறோம். பாதையை அப்படி யாரும் பார்ப்பதில்லை. அங்கே ஓரமாக நின்று பூத்து முற்றிய ஒரே ஒரு முள்ளுக்கீரை, இரண்டு பக்கப் பாத்திகளுக்கும் ஆயிரக்கணக்கில் விதை கொட்டிவிடும். பாத்தியில் களை தீரவே மாட்டேன் என்கிறது என்றால், முதலில் பாதையைப் பாருங்கள்.

பாதைக்கு எந்தப் பொருளைப் போட்டாலும் அதன் மேல் மண் விழத்தான் போகிறது. கொத்தும்போது சிதறும், செருப்பில் ஒட்டி வரும், மழை அடித்துக்கொண்டு வரும். அதோடு சருகும் சேரும். ஓரிரு வருடத்தில் எல்லாப் பாதையின் மேலும் மெல்லிய மண் படலம் உண்டாகிவிடும், களை விதை அதில்தான் முளைக்கும். அதனால் ஒரு பொருளை எடைபோட இரண்டு கேள்வி போதும். இதன் மேல் மண் விழுந்தால் என்ன ஆகும்? இது பாத்திக்குள் போய்விட்டால் என்ன ஆகும்?

இந்த இரண்டுக்கும் நல்ல பதில் தருவது மரச்சில்லுதான். மரக்கிளைகளை இயந்திரத்தில் கொடுத்து அரைத்தது. கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக, பட்டையும் சிறு குச்சியும் கலந்து இருக்கும். விழுந்த மண் துண்டுகளுக்கு இடையே கீழே இறங்கிவிடும். மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடுவதால் விதை முளைத்தாலும் வேர் பிடிக்காது. பிடித்தாலும் இரண்டு விரலால் இழுத்தால் முழு வேரோடு வரும். மழைக்குச் சேறாகாது, மண்டி போட்டு வேலை செய்தால் முழங்கால் வலிக்காது.

இதில் பலரும் தவறுவது கனத்தில். 3, 4 செ.மீ. தூவினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் களைக்கு அது வசதியான மூடாக்கு. வெளிச்சம் மண்ணை எட்டக்கூடாது என்றால் முதல் முறை 10 செ.மீ.க்குக் குறையவே கூடாது, 12 இருந்தால் நல்லது. நடந்து நடந்து அது அமுங்கும். 60 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம், 10 செ.மீ. கனம் என்றால் 0.6 கன மீட்டர். அதாவது 600 லிட்டர். 30 லிட்டர் கூடையில் 20 கூடை. கணக்குப் பார்க்காமல் வாங்கிவிட்டு, இருப்பதைப் பாதை முழுக்கப் பரப்புவதைவிடப் பாதிப் பாதையை ஒழுங்காக மூடுவது மேல்.

மரச்சில்லு மண்ணின் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, உறிஞ்சிவிடும் என்ற பயம் பாதைக்குப் பொருந்தாது. மரத்தில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 100 பங்குக்கு மேல் கார்பன் இருக்கிறது. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பக்கத்து மண்ணிலிருந்து நைட்ரஜனை எடுப்பதும் உண்மைதான். ஆனால் சில்லு மண்ணின் மேல் கிடக்கும்போது, இது சில்லும் மண்ணும் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டுமே நடக்கும். சில்லைப் பாத்தி மண்ணோடு சேர்த்துக் கொத்திவிட்டால்தான் செடி மஞ்சளாகும். தவறி நாலு துண்டு பாத்தியில் விழுந்தால் ஒன்றும் ஆகாது.

பெயின்ட் அடித்த பலகை, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றை அரைத்த சில்லு வேண்டாம். பழைய மருந்தேற்றிய மரங்களில் ஆர்செனிக் இருக்கலாம். கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மரச்சட்டம் போட்ட பாத்தியானால், சில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கை அகலம் வெறுமையாக விடுங்கள். அந்த இடைவெளியில் கரையான் கட்டும் மண் குழாய் கண்ணுக்குத் தெரியும்.

பொருளைக் கொட்டுவதற்கு முன்னால் செய்யும் வேலைதான் பாதி வெற்றி. அகலத்தை முடிவு செய்யுங்கள். நடக்க மட்டும் 45 செ.மீ. போதும், உட்கார்ந்து வேலை செய்ய 60 வேண்டும், தள்ளுவண்டி போக 75க்குக் குறையக்கூடாது. தக்காளியும் பூசணியும் வளர்ந்து பாதையில் சாயும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பாதை பாத்தியைவிட 5 முதல் 10 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். ஒரே மட்டமாக இருந்தால் சில்லு பாத்திக்குள் ஏறிவிடும். தோண்டியெடுத்த மேல்மண்ணைப் பாத்தியில் போட்டுவிடலாம். சொட்டுநீர்க் குழாய் குறுக்கே போகும் இடங்களில் இப்போதே ஒரு பிவிசி குழாயைப் புதைத்து, அதற்குள் சொட்டுக்குழாயை நுழைத்துவிடுங்கள். பிறகு ரிப்பேர் வந்தால் பாதையைக் கிளற வேண்டியிருக்காது.

ஒரு வருடத்துக்குள் முளைத்து மடியும் களைகளைத் தரையோடு அறுத்துப் போட்டால் போதும். அருகும் கோரையும் அப்படி இல்லை. கோரையின் கூர்மையான முளை பிளாஸ்டிக் தாளையே துளைத்துக்கொண்டு வரும். சில்லுக்கு அடியில் விரிக்கும் அட்டை அதற்கு ஒரு பொருட்டில்லை. மண்வெட்டியால் கொத்தினால் கிழங்குத் தொடர் அறுந்து, ஒன்று பலவாகும். மண்ணை நன்றாக நனைத்து, மறுநாள் கடப்பாரையால் நெம்பித் தளர்த்தி, தொடரைப் பிடித்துக் கையால் இழுங்கள். இரண்டு வாரம் தண்ணீர் விட்டுக் காத்திருந்து, திரும்ப முளைத்ததையும் எடுத்த பிறகு மூடுங்கள். இந்த இரண்டு வாரப் பொறுமை வருடக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தும்.

சில்லுக்கு அடியில் அட்டைப்பெட்டி விரிப்பது நல்லது. பழுப்பு நிறத்தில், மினுமினுப்பில்லாத சாதாரண அட்டையாக இருக்கட்டும். டேப்பையும் ஸ்டேப்ளர் பின்னையும் கட்டாயம் உரித்தெடுங்கள். அட்டை மட்கிப்போகும், டேப் அப்படியே கிடக்கும். ஒன்றன் மேல் ஒன்று 15 முதல் 20 செ.மீ. ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் களை வருவது எப்போதும் இணைப்பு வழியாகத்தான். விரித்ததும் தொப்பலாக நனைத்துவிட்டு மேலே சில்லைக் கொட்டுங்கள். காய்ந்த அட்டையை அப்படியே மூடினால் மழைநீர் கீழே இறங்காமல் வழிந்தோடும். சில மாதங்களில் அட்டை மண்ணோடு மண்ணாகிவிடும், அதற்குள் அடியில் இருந்த சாதாரணக் களைகள் செத்திருக்கும்.

அட்டைக்குப் பதிலாகப் பலரும் வாங்குவது களைத்துணி, அதாவது கறுப்பாகப் பின்னிய பிளாஸ்டிக் விரிப்பு. முதல் வருடம் இதைப் போல எதுவும் இல்லை என்று தோன்றும். மூன்றாவது வருடம் அதன் மேல் சேர்ந்த மண்ணில் ஒரு புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேர் துணியின் இழைகளுக்குள் தைத்தது போலப் புகுந்து மறுபக்கம் இறங்கியிருக்கும். ஒன்று புல் அறும், இல்லையென்றால் துணி மேலே எழும்பும். வெயிலில் இற்றுப்போன இடங்களில் நூல் நூலாகப் பிரிந்து பாத்தி மண்ணில் கலக்கும். அதைப் பொறுக்கி முடியாது. காய்கறித் தோட்டத்தில் நிரந்தரப் பாதைக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு பருவம் மட்டும் மூடி வைக்க வேண்டுமானால் சரி. அப்போதும் வெட்டிய விளிம்பைத் தீயில் காட்டி உருக்கிவிடுங்கள், நூல் பிரியாது.

ஜல்லி வீட்டு வாசலுக்கு நல்லது, பாத்திக்கு நடுவே நல்லதில்லை. நேராக மண்ணில் போட்டால் ஈரக்காலத்தில் மிதிபட்டு உள்ளே இறங்கிவிடும், அடியில் துணி போட்டால் மேலே சொன்ன தொல்லை வரும். கல் பாத்திக்குள் தெறித்தால் கேரட் கவைகவையாகப் பிரியும். மேலே பார்த்த அதே பாதைக்கு 5 செ.மீ. கனத்தில் போட்டாலும் கிட்டத்தட்ட 450 கிலோ. வேண்டாம் என்று தோன்றும் நாளில் அவ்வளவையும் மண்ணிலிருந்து பிரித்து அள்ள வேண்டும். போட்டே ஆக வேண்டுமென்றால் உருண்டைக் கூழாங்கல்லைத் தவிர்த்து, முனையுள்ள 10 முதல் 20 மி.மீ. ஜல்லியைப் போடுங்கள். ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு காலுக்கு அடியில் நழுவாமல் இருக்கும்.

செங்கல் பாதை அமைக்க வேலை அதிகம், பிறகு வேலை குறைவு. ஆனால் பாத்தியின் இடம் இனி மாறாது என்று உறுதியான பிறகே போடுங்கள். அடித்து இறுக்கிய ஜல்லி, அதன் மேல் 3 முதல் 5 செ.மீ. மணல், அதன் மேல் செங்கல். மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடித்து வழுக்கும். சந்துகளில் முளைப்பதைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

வைக்கோல் ஒரு பருவத்துக்குத் தாங்கும். உள்ளே தங்கிய தானியம் முளைக்கும், எலி வரும், நனைந்தால் வழுக்கும். பயிருக்கு அடித்த களைக்கொல்லி, குறிப்பாக அமினோபைரலிட், வைக்கோலிலும் அது மட்கிய எருவிலும் வெகுநாள் தங்கி, தக்காளி, அவரை இனங்களைச் சுருட்டிவிடும். சந்தேகமிருந்தால் அந்த வைக்கோலைத் துண்டாக்கி மண்ணோடு கலந்து ஒரு தொட்டியில் நிரப்பி, பீன்ஸ் விதை ஊன்றி மூன்று வாரம் பாருங்கள். பக்கத்தில் வெறும் மண் தொட்டி ஒன்றும் இருக்கட்டும். வைக்கோல் தொட்டியில் மட்டும் இலை குவிந்து முறுக்கினால் அதைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். உமி மெதுவாக மட்கும், ஆனால் காற்றுக்குப் பறக்கும். மரத்தூள் தனியாகப் போட்டால் இறுகி, தண்ணீர் புகாத தகடு போல ஆகிவிடும். புல் பாதை பார்க்க அழகு, ஆனால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதன் ஓடுதண்டு பாத்திக்குள் வரும். குறைந்த வேலை வேண்டும் என்பவருக்கு அது வேண்டாம்.

மரச்சில்லுப் பாதைக்கு வருடத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மாதம் ஒருமுறை வாரியால் லேசாகக் கிளறிவிடுவது, பாத்தி ஓரத்தை மண்வெட்டியால் நேராகச் சீவிவிடுவது, அமுங்கிய இடத்தில் 5 செ.மீ. புதிதாகப் போடுவது. நடுவில் வெள்ளை நூல் போலப் பூஞ்சையும் குடைக்காளானும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மரம் மட்குகிறது என்று அர்த்தம். இரண்டு வருடம் கழித்து மேல் அடுக்கை ஒதுக்கிவிட்டு அடியில் கைவிட்டுப் பாருங்கள். கறுத்து, உதிரியாக, மழை நனைத்த காட்டு மண்ணின் வாசனையோடு இருக்கும். அதை அள்ளி 10 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலியுங்கள். கீழே விழுந்ததைப் பாத்தியின் மேல் தூவுங்கள், சல்லடையில் தங்கிய துண்டுகளைத் திரும்பப் பாதையிலேயே போட்டு, மேலே புதுச் சில்லைக் கொட்டுங்கள்.