காசு கட்டியா ஓடுறீங்க?

முதலில் அந்த ஆட்டோக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் தீராது. மூணாறு, அதிகாலை நாலு மணி. லாட்ஜிலிருந்து ஓட்டம் தொடங்கும் மைதானத்துக்கு 2 கிலோமீட்டர். 400 ரூபாய் கேட்டார். "யானை நிக்கிற ரோடு சார்" என்றார். படையப்பா என்று ஊரே பெயர் வைத்துக் கூப்பிடும் காட்டு யானை அந்தப் பக்கம் சுற்றுவது உண்மைதான். ஆனால் அது எதிரே வந்தால் இந்த ஆட்டோ என்ன கோட்டையா? பேரம் பேசி 350-க்கு ஏறினேன். 64 கிலோமீட்டர் ஓடப் போகிறவன் 2 கிலோமீட்டருக்கு ஆட்டோ பிடித்ததை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

போட்டிக் கட்டணம் 3,500. லாட்ஜ் 1,400, அங்கே வெந்நீர் என்பது போர்டில் மட்டும். வீட்டில் நான் சொல்லியிருந்த மொத்தக் கணக்கு 2,000. போதாததற்கு, தேனியிலிருந்து வந்த பஸ்ஸில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாங்க முடியாத பக்கத்து சீட்டுப் பையன் என் புது ஷூ மேல் வாந்தி எடுத்துவிட்டான். கழுவிக் காயப்போட்டேன். மூணாறு குளிரில் எங்கே காயும்? ஈரத்தோடுதான் மாட்டினேன். அதன் பலன் பின்னால் வருகிறது.

மாட்டுப்பெட்டி, குண்டளை, எல்லப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். போக 32, வர 32. மாலை நாலு மணிக்குள் வராவிட்டால் மெடல் கிடையாது. போன பாதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூடுபனி, தேயிலை, ஆளாளுக்கு செல்ஃபி.

டாப் ஸ்டேஷனில் பத்து நிமிடம் வேண்டுமென்றே வீணாக்கினேன். ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை ரயிலில் இங்கே வந்து, ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயிருக்கிறது. 1924 வெள்ளம் அந்த ரயிலையே அடித்துக்கொண்டு போய்விட்டது. இதையெல்லாம் பக்கத்தில் நின்ற ஓட்டக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், தண்ணீர் குடிக்க நின்றவர்.

திரும்பும்போதுதான் வினை. ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். இறக்கம் தொடையை வாங்கிவிடும். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முன்னால் விழாமல் தொடைச் சதைதான் பிரேக் பிடிக்கிறது. நானோ தாகத்துக்கு வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளியிருந்தேன். வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, மேலே மேலே தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். தலை சுற்றும், குமட்டும். எனக்கு இரண்டும் வந்தன. குண்டளை தாண்டி 45-வது கிலோமீட்டரில் வலது தொடை கல்லாக இறுகியது. ஷூவுக்குள் இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது. தேயிலைச் சரிவு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தமிழ்தான். தாத்தா பாட்டி காலத்தில் மலையேறி வந்த குடும்பங்கள். அதில் ஒரு அக்கா, அறுபதை நெருங்கும் வயசு, எழுந்து வந்தார்.

"கால் புடிச்சிருச்சா தம்பி? எம்புட்டு சம்பளம் தர்றாங்க இதுக்கு?"

"சம்பளம் இல்லக்கா. நான்தான் 3,500 கட்டியிருக்கேன்."

"காசு கட்டியா ஓடுறீங்க?" என்றவர், திரும்பி மற்றவர்களுக்கும் சத்தமாகச் சொன்னார். மலையே சிரித்தது. அப்புறம் தூக்குவாளி மூடியில் இரண்டு நெல்லிக்காயும் ஒரு பிடி கல் உப்பும் கொண்டுவந்தார். உப்பை நக்கி, காயைக் கடித்து, தண்ணீர் குடித்தேன். அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

2015 போராட்டத்தைப் பற்றிக் கேட்டேன். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று தேயிலைத் தோட்டப் பெண்களே திரண்டு, யூனியன் தலைவர்களை ஓரங்கட்டிவிட்டு, ஒன்பது நாள் மூணாறை நிறுத்தி 20 சதவீதம் போனஸ் வாங்கினார்களே, அது. "நானும் உக்காந்தேன்" என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே. வேறு எதுவும் சொல்லவில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. மதுரையிலிருந்து பழனிக்குப் பதினொரு தைப்பூசம் பாதயாத்திரை போனவள். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஹவாய் செருப்பு. நான் ரொம்பக் கிண்டல் செய்திருக்கிறேன். ஒருமுறை கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, "அப்படி என்னதான் வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டலடா. போகணும்னு தோணுச்சு" என்றாள். அன்றைக்கு அது பதிலாகவே படவில்லை. குண்டளைக்குக் கீழே உட்கார்ந்து, நீ ஏண்டா ஓடுகிறாய் என்று என்னையே கேட்டபோது எனக்கும் அதே பதில்தான் இருந்தது.

எழுந்தேன். ஓட்டமில்லை, நொண்டல். கொஞ்ச தூரத்தில் ஒரு மலையாளி, கோட்டயத்துக்காரர், அவரும் நொண்டிக்கொண்டிருந்தார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கிட்டே போனால், "கல்லும் முள்ளும்..." என்கிறார். என்னை அறியாமல் "காலுக்கு மெத்தை" என்றேன். கேரளத்திலும் இந்தச் சரணம் தமிழாகவேதான் புழங்குகிறது. நான் மாலை போட்டதே இல்லை. ஆனாலும் மாட்டுப்பெட்டி வரை அவர் பாதி, நான் பாதி. நடுவில் என் பங்குக்கு "அரோகரா" சேர்த்தேன், மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசி 13 கிலோமீட்டர் எப்படிப் போனது என்று சத்தியமாகத் தெரியாது. 3:41-க்கு முடிவுக் கோட்டைத் தாண்டினோம்.

சாப்பாடு! பஜாருக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. ஆவி பறக்கும் கப்பை (மரவள்ளிக்கிழங்குதான்), குடம்புளி போட்ட சிவந்த மத்தி மீன் குழம்பு. கப்பையை மசித்து, குழம்பை ஊற்றி, மேலே சின்ன வெங்காயத்தைக் கடித்து... இரண்டு தட்டு. 180 ரூபாய். இந்தப் பயணத்தில் நான் கொடுத்த ஒரே நியாயமான காசு. கடை பெயரைப் பார்க்கவே மறந்துவிட்டேன், கேட்காதீர்கள்.

லாட்ஜில் காலைப் பச்சைத்தண்ணீர் பக்கெட்டில் விட்டுக்கொண்டு அம்மாவுக்கு போன் போட்டேன்.

"உப்பு போட்டு வைடா" என்றாள். அப்புறம், "எவ்வளவு கட்டுன?"

"2,000."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பழனிக்கு நடந்திருந்தா வழியெல்லாம் சும்மாவே சோறு போட்டிருப்பாங்களேடா."