மாமல்லபுரத்துப் பூனைக்கு ஒரு பலகை

விளக்கப் பலகைகள் வடிவமைப்பது என் தொழில். மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தின் முன் நிற்பவர்கள் பலர் யானைகளைப் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். யானைக்குப் பக்கத்திலேயே ஒரு பூனை, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள்! இடப்பக்கம் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் அதே கோலம். (அவர் அர்ச்சுனனா, பகீரதனா என்ற விவாதம் தனி.)

"பூனையைக் கண்டுபிடித்தீர்களா?" என்ற கேள்வியைத்தான் பெரிய எழுத்தில் முதலில் வைப்பேன். பல்லவர், ஏழாம் நூற்றாண்டு, 1984இல் யுனெஸ்கோ அங்கீகாரம் எல்லாம் அதற்கடியில் வரட்டும். பலகை குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், சாய்வாக, சிற்பத்தை மறைக்காமல் இருக்க வேண்டும். இரும்புச் சட்டம் வேண்டவே வேண்டாம். கடற்கரை உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.