பரப்பளவை நம்பி ஏமாறாதீர்கள்

நீரில் கலந்துள்ள மருந்துகளை ஒட்டவைத்துப் பிரித்து அளக்க உலோக-கரிமக் கட்டமைப்புப் பொடி (MOF) உதவும்; உலோக அணுக்களைக் கரிம இணைப்பி மூலக்கூறுகள் கோத்த நுண்துளைப் பொருள் அது. அதற்கு ஆய்வறிக்கைகள் முதலில் சொல்வது அதன் பரப்பளவைத்தான். கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் என்று படித்ததும் வாங்கத் தோன்றும். அந்த எண் நைட்ரஜன் வாயுவை வைத்து அளந்தது. இந்தப் பொடி வகைகளில் ஸிஃப்-8இன் (ZIF-8) துளை வாசல் சுமார் 3.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), யூஐஓ-66க்குச் (UiO-66) சுமார் 6. டைக்ளோஃபெனாக் போன்ற மருந்து மூலக்கூறு உள்ளே போகத் திணறும். பெரும்பாலும் வெளிப்பரப்பிலும், இணைப்பி விடுபட்ட குறை இடங்களிலும்தான் ஒட்டும்.

அதைவிட முக்கியம், சோதிக்கும் நீர் மாதிரியில் பொடி தாக்குப்பிடிக்குமா என்பது. எச்கேயுஎஸ்டி-1 (HKUST-1) என்ற வகை நன்றாக உலர்ந்தால் கருநீலம். மூடியைத் திறந்து வைத்தால் ஈரம் குடித்து வான்நீலமாக வெளுக்கும். நீர் மாதிரிக்கு அது ஆகாது. ஸிஃப்-8 அமிலத்தில் கரைந்துவிடும். ஆற்று நீருக்கு யூஐஓ-66 பரவாயில்லை, ஆனால் பாஸ்பேட் பஃபர் கூடாது. இணைப்பியின் கார்பாக்சிலேட்டைவிட பாஸ்பேட்டை அதன் உலோகமான சிர்கோனியம் இறுகப் பிடிக்கும்; கட்டமைப்பு குலைந்து இணைப்பியான டெரெப்தாலிக் அமிலம் கரைசலுக்கு வரும். பிஎச் சரிசெய்ய நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமே போதும்.

செய்முறை எளிது. 10 மில்லி வடிகட்டிய ஆற்று நீரில் 10 மில்லிகிராம் பொடி, ஐந்து நிமிடம் வோர்டெக்ஸ் குலுக்கியில், பிறகு பொடி அடியில் படியச் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றல். தெளிநீரைக் கொட்டிவிட்டு, பொடியில் ஒட்டிய மருந்தைச் சிறிது ஃபார்மிக் அமிலம் சேர்த்த 1 மில்லி மெத்தனாலில் பிரித்தெடுத்து, திரவ குரோமட்டோகிராஃபி கருவியில் அளவிடுங்கள். பத்து மடங்கு செறிவு என்பது முழு மீட்பு கிடைத்தால்தான். அதனால் தெரிந்த அளவு மருந்தை அதே ஆற்று நீரில் கலந்து மீட்பைப் பாருங்கள். காய்ச்சி வடித்த நீரில் 95 சதவீதம் வந்தது, ஹியூமிக் அமிலம் (மக்கிய தாவரப் பொருளிலிருந்து வருவது) உள்ள நீரில் வராமல் போகலாம்.

தலைவலி தருவது பிளாங்க், அதாவது மருந்தே இல்லாமல் செய்யும் ஒப்பீட்டுச் சோதனை. சரியாகக் கழுவாத பொடியிலிருந்து மிச்ச டெரெப்தாலிக் அமிலம் கசிந்து, 240 நானோமீட்டர் ஒளியில் அளக்கும்போது, குரோமட்டோகிராமின் (கருவி தரும் வரைபடத்தின்) தொடக்கத்திலேயே பெரிய பீக்காக நிற்கும். பாராசிட்டமால் அளப்பவர் அதையே மருந்து என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. டிஎம்எஃப் (DMF) என்ற கரைப்பானில் ஓரிரு முறை கழுவி, மூன்று நாள் மெத்தனாலில் ஊறவைத்து, தினம் மெத்தனாலை மாற்றி, 120 டிகிரியில் வெற்றிட அடுப்பில் இரவு முழுக்க உலர்த்துங்கள். பிறகும் பொடியை மட்டும் மெத்தனாலில் குலுக்கி, அந்த மெத்தனாலைக் கருவிக்குள் ஒரு முறை ஊசியால் செலுத்திப் பாருங்கள், ஒவ்வொரு தொகுதிக்கும்.

கடைசியாக, மிக நுண்ணிய துகள் சென்ட்ரிஃப்யூஜுக்கும் அடங்காது. 0.22 மைக்ரான் பிடிஎஃப்இ (PTFE) வடிகட்டி வழியே அனுப்பாவிட்டால், கருவியின் பிரிப்புக் குழாயில் (column) அழுத்தம் ஏறத் தொடங்கும்.