கிட்டாரை உட்கார்ந்து வாசிப்பதா, நின்று வாசிப்பதா?

கிட்டார் கற்கத் தொடங்குபவர்கள் எந்தக் கிட்டாரை வாங்குவது என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். வாங்கியதை உடம்போடு எப்படிப் பொருத்தி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தே மாதக்கணக்கில் பழகிவிட்டு, கல்லூரி விழாவில் முதன்முறையாக ஸ்ட்ராப் என்ற தோள்வாரை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, வீட்டில் தண்ணீர் பட்ட பாடாக வாசித்த பகுதியே கைக்கு வராமல் போகிறது. மேடைப் பயம் என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் பயமன்று. கிட்டார் நான்கைந்து அங்குலம் கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். உட்காருவதா நிற்பதா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது நம் இடது மணிக்கட்டு என்பது என் கட்சி.

நாற்காலியில் அமர்ந்து, பெரும்பாலோர் செய்வதுபோல் கிட்டாரை வலது தொடையின்மேல் வைத்து, முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்டுகள்) எஃப் பார் கார்டை, அதாவது ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டை, பிடித்துப் பாருங்கள். நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, தரைக்கு இணையாகக் கிடக்கும். ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் அழுத்துவதற்காக மணிக்கட்டு வெளிப்புறமாகப் புடைத்துக்கொண்டு மடங்கும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் எல்லாம் மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகலான வழியாகத்தான் செல்கின்றன. மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொண்டே விரலால் அழுத்தும்போது அவை அங்கே நெருக்குண்கின்றன. இப்போது அதே கார்டை விடாமல், கழுத்தின் நுனியிலுள்ள ஹெட்ஸ்டாக் தோள் உயரத்துக்கு வரும்வரை நெக்கை மெல்ல உயர்த்துங்கள். மணிக்கட்டு தானாக நிமிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கட்டைவிரலைக் கொண்டு நசுக்க வேண்டிய தேவையும் குறையும். எஃப் கார்டு வரவில்லை என்று கிட்டாரை மூட்டைகட்டி அலமாரிமேல் போட்டவர்களில் பாதிப் பேராவது இந்தச் சிறு மாற்றத்தால் தப்பியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கிளாசிக்கல் கிட்டார் மரபில் இதற்கான தேடல் மிகப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்பெயினைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ சோர் கிட்டாரை மேசையின் விளிம்பில் சாய்த்து வாசிக்கும் முறையைத் தம் பயிற்சி நூலில் விளக்கினார். அவருடைய நண்பர் டியோனீசியோ அகுவாடோ, கிட்டாரைத் தாங்குவதற்கென்றே முக்காலி போன்ற ஒரு தாங்கியை உருவாக்கி, உடம்பு படாமல் வாசித்தார். பிற்பாடு அந்தோனியோ டெ டோரஸ் கிட்டாரின் உடலைப் பெரிதாக்கினார். அவர் செய்த கிட்டார்களை வாசித்த ஃபிரான்சிஸ்கோ தாரேகாவின் காலத்தில் இடது காலைச் சிறு ஃபுட்ஸ்டூலின்மேல் வைத்து, இடது தொடையில் கிட்டாரை அமர்த்தும் முறை நிலைபெற்றது. ஆந்த்ரேஸ் செகோவியா உலகமெங்கும் கொண்டுசென்றதும் அந்த முறையைத்தான். அதன் குறை, ஒரு கால் மட்டும் நெடுநேரம் உயர்ந்திருப்பதால் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து கீழ்முதுகு வலிப்பது. ஆகவேதான் இன்று பலர் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, தொடைக்கும் கிட்டாருக்கும் இடையில் ஒரு தாங்கியைப் பொருத்திக்கொள்கிறார்கள். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் பாக்கோ டெ லூசியா வலது காலை இடது காலின்மேல் போட்டு, நெக்கை ஏறக்குறையக் கிடையாக வைத்துக்கொண்டு, யாரும் நினைத்துப் பார்க்காத வேகத்தில் வாசித்தார் என்பதும் உண்மை. மேதைகளின் மணிக்கட்டுக்கு நான் சட்டம் சொல்ல வரவில்லை.

நின்று வாசிப்பவர்களுக்காகவே கிட்டாரின் வடிவம் மாறிய கதையும் உண்டு. ஃபெண்டர் நிறுவனத்தின் எலெக்ட்ரிக் கிட்டாரான டெலிகாஸ்டர் ஒரு பலகையைப் போன்றது; அதன் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசித்தவர்கள் குறைபட்டுக்கொண்டதால், 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வயிறு படும் இடமும் முன்கை படும் இடமும் சரிவாகச் செதுக்கப்பட்டன. இதற்கு நேர்மாறானது கிப்சன் நிறுவனம் 1958இல் வெளியிட்ட, V எழுத்தின் வடிவிலான ஃப்ளையிங் வி. உட்கார்ந்து வழக்கம்போல் தொடையில் வைத்தால் அது வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதன் பிளவுக்குள் தொடையை நுழைத்துக்கொண்டால் கிளாசிக்கல் மரபின் அதே நிலைக்கு நெக் உயர்ந்து நிற்கும். ராக் இசையின் முரட்டு அடையாளமாகிவிட்ட கிட்டாருக்குள் இப்படி ஒரு ஒழுக்கமான மாணவன் ஒளிந்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

நிற்பதில் எடையும் ஒரு கணக்கு. கிப்சனின் லெஸ் பால் வகை எலெக்ட்ரிக் கிட்டார் 4 கிலோவைச் சுற்றி இருக்கும். இரண்டு மணி நேரம் இடது தோள் ஒன்றே அதைச் சுமக்கிறது. அகலம் குறைந்த வழவழப்பான நைலான் ஸ்ட்ராப் தோளை அறுப்பதோடு நழுவவும் செய்யும். உடல் இலேசாகவும் ஹெட்ஸ்டாக் கனமாகவும் உள்ள கிட்டார்களில் நெக் கீழே சரிய, இடது கை கார்டு பிடிப்பதோடு கிட்டாரையும் தாங்கிக்கொண்டிருக்க நேரும். உட்புறம் சொரசொரப்பான, மூன்று அங்குல அகலமுள்ள தோல் ஸ்ட்ராப் இந்த இரண்டு தொல்லைகளையும் பெருமளவு குறைக்கும். கிட்டாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிடும் ஆசைக்கு ராக் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜின் புகைப்படங்கள்தான் பெரும்பாலும் காரணம். அந்தப் படங்களில் நெக் எவ்வளவு செங்குத்தாக மேலே தூக்கியிருக்கிறது என்பதைப் பார்த்துப் பின்பற்றுபவர்கள் குறைவு. இன்னொரு ராக் கிட்டாரிஸ்டான டாம் மொரெல்லோ நெஞ்சுக்கு அருகிலேயே மாட்டிக்கொள்கிறார். பார்ப்பதற்கு அவ்வளவு எடுப்பாக இல்லாவிட்டாலும் கைக்கு அதுவே நல்லது. ராபர்ட் ஃபிரிப் ராக் மேடையிலேயே ஸ்டூலில் அமர்ந்து வாசிப்பவர். அதனால் அவருடைய இசையின் உக்கிரம் எள்ளளவும் குறைந்துவிடவில்லை.

மின்சாரம் இல்லாமலே ஒலிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரில் ஒலியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பின்பலகை வயிற்றோடு அழுந்தினால் அதிர்வு மங்கும். கவுன்ட் பேஸியின் ஜாஸ் இசைக்குழுவில் 1937 முதல் 1987 வரை ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமலே தாளம் வாசித்த ஃப்ரெடி கிரீன், உட்கார்ந்தபடி கிட்டாரை ஏறக்குறைய மல்லாத்திப் பிடித்திருப்பார். பின்பலகை உடம்பை விட்டு விலகியிருப்பதன் பலன், அத்தனை டிரம்பெட்டுகளுக்கு நடுவே அவருக்கு உதவாமல் இருந்திருக்காது.

தரையில் அமர்ந்து வாசிக்கும் வழியை நம்மவர்கள் தனியாகவே கவனிக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் இரட்டை நெக் கொண்ட கனமான எலெக்ட்ரிக் கிட்டாரை நின்றபடி வாசித்த ஜான் மெக்லாஃப்லின், அடுத்துத் தொடங்கிய சக்தி குழுவில், எல். ஷங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு மேடையில் சம்மணமிட்டு அமர்ந்தார். அதற்காக அவர் செய்வித்துக்கொண்ட அக்கூஸ்டிக் கிட்டாரில், ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் சுரண்டப்பட்டிருந்தது. ஒலித்துளைக்குக் குறுக்கே மற்றக் கம்பிகள் ஒலிக்கும்போது தாமாகவே உடன் அதிரும் ஏழு ஒத்ததிர்வுக் கம்பிகளும் இருந்தன. கமகத்துக்குக் கம்பியை இழுத்து வளைக்கும் கைக்கு, கிட்டார் மடியில் அசையாமல் இருப்பது பெரிய வசதி. ஆனால் சம்மணத்தில் முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்தால் முதுகு கூன்போடும். கூன்போட்டால் முகம் கிட்டாரின்மேல் கவியும், ஃப்ரெட்டுகளைப் பார்ப்பதற்காகக் கிட்டாரையும் மல்லாத்தத் தோன்றும், மணிக்கட்டு மறுபடியும் மடங்கும். மடித்த ஜமக்காளத்தையோ தாழ்வான மணையையோ இடுப்புக்கடியில் போட்டுக்கொண்டால் முழங்கால் இறங்கி முதுகு நிமிரும். தடிமனான ட்ரெட்நாட் கிட்டாரில் வலது தோள் மிகையாகத் தூக்கிக்கொள்வதால், இந்த முறைக்கு உடல் மெலிந்த கிட்டார்தான் ஒத்துவரும்.

புதிதாக ஒன்றைக் கற்கும்போது உட்காருவதையே நான் விரும்புகிறேன்; கவனம் முழுவதும் விரலில் நிற்கும். அதற்குக் கைப்பிடி இல்லாத, இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படியும் நாற்காலி வேண்டும். நம் வீடுகளில் உள்ள கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, கிட்டாரின் உடலை வெளியே தள்ளி முதுகைத் திருக வைத்துவிடும். உட்கார்ந்திருக்கும்போதே ஸ்ட்ராப்பை மாட்டி, கிட்டார் தொடையில் படும்போது ஸ்ட்ராப்பும் இறுக்கமாக இருக்கும்படி அதன் நீளத்தை அமைத்துக்கொண்டால், எழுந்து நின்றாலும் கிட்டார் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே அதே இடத்தில் இருக்கும். மேடை நெருங்கும்போது, அங்கே வாசிக்கப்போகும் நிலையிலேயே முழு நிகழ்ச்சியையும் வாசித்துப் பார்க்க வேண்டும். பாடிக்கொண்டே வாசிப்பவர்களும், ஒலியை மாற்றும் பெடலை மிதிக்க ஒற்றைக்காலில் நிற்க வேண்டியவர்களும் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அக்கூஸ்டிக் கிட்டார்கள் பலவற்றில் ஸ்ட்ராப்புக்கு அடிப்பக்கம் ஒரு பட்டன் மட்டுமே இருக்கும். மறுமுனையை ஹெட்ஸ்டாக்கில் கயிறு போட்டுக் கட்டலாம் என்றாலும், அது முதல் ஃப்ரெட்டில் கையை இடிக்கும். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, நெக் உடலோடு சேரும் இடத்தில் இரண்டாவது பட்டனைத் திருகச் சொல்வது மேல்.