ஓகித் தீவில் ஒரு சிறிய வகுப்பின் மூன்று ஆண்டுகள்

ஜப்பானின் ஷிமானே மாகாணக் கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வடக்கே, ஜப்பான் கடலின் நடுவில் ஓகித் தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் தோசென் என்று அழைக்கப்படும் மூன்று சிறு தீவுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு மேல்நிலைப் பள்ளிதான் உண்டு. ஓகி தோசென் மேல்நிலைப் பள்ளி என்ற அந்தப் பள்ளி, நகனோஷிமா தீவிலுள்ள அமா என்ற ஊரில் இருக்கிறது. இங்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் நிஷினோஷிமாவின் 257 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறையைப் பார்க்க வருகிறார்கள். நான் சென்றது, அந்தப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் ஒன்றாகப் படித்து முடித்தவர்கள் மார்ச் மாதக் கடைசியில் தீவைவிட்டுப் புறப்படும் நாட்களை அங்கிருந்து பார்ப்பதற்காக.

ஷிமானே கரையிலுள்ள ஷிச்சிருயி துறைமுகத்தில் கப்பல் ஏறினால், அமாவின் ஹிஷியுரா துறைமுகத்தை அடைய மூன்று மணி நேரத்துக்கு முன்பின்னாக ஆகும். கப்பலின் சாதாரண வகுப்பில் இருக்கைகளுக்குப் பதிலாகக் கம்பளம் விரித்த அகலமான தளம் இருக்கிறது. காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு எல்லோரும் அதில் உட்கார்ந்தோ படுத்தோ பயணம் செய்கிறார்கள். என் அருகில் அமர்ந்திருந்த ஒரு தம்பதி, பள்ளி விடுதி அறையைக் காலி செய்யும் தங்கள் மகனுக்கு உதவுவதற்காக வந்துகொண்டிருந்தார்கள். "பதினைந்து வயதுப் பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்பிவிட்டார்களே என்று உறவினர்கள் எங்களைக் குறை சொன்னார்கள். ஆனால் பள்ளியைத் தேடிக் கண்டுபிடித்ததும், விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்கியதும் அவனேதான்" என்று அந்தத் தாய் சொன்னார். 1221-ஆம் ஆண்டு முன்னாள் பேரரசர் கோ-தோபாவை நாடுகடத்தி வைத்த தீவு இது. 1239-இல் அவர் இங்கேயே உயிர்நீத்தார். அப்படிப்பட்ட தீவுக்குப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாமாக விரும்பி வருகிறார்கள் என்பதை அந்தத் தாயின் வாயால் கேட்டபோது என் மனம் நிறைந்துபோனது.

இந்த வகுப்பு எப்படி அமைந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஊரின் கதையைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். 1950 வாக்கில் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த அமாவில் இப்போது இருப்பவர்கள் சுமார் 2,300 பேர். 2008-இல் பள்ளியின் மூன்று ஆண்டு மாணவர்களையும் கூட்டினாலும் தொண்ணூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். பள்ளி மூடப்பட்டால் நடுநிலைப் பள்ளியை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் கடல் கடந்து போயாக வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாத பெற்றோரும், பிள்ளையைப் பிரிய மனமில்லாத பெற்றோரும் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். பிறகு தொடக்கப் பள்ளியும் வெறுமையாகும். ஜப்பானில் ஆசிரியர் பணியிடங்கள் வகுப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஒதுக்கப்படுவதால், வகுப்பு குறையக் குறைய ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்ந்த ஆசிரியர் கிடைப்பதும் அரிதாகும். இதை உணர்ந்த தீவுகளின் ஊராட்சிகளும் பள்ளியும் 2008-இல் கைகோத்துப் பள்ளியைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கின. 2010 முதல் நாடெங்கிலுமிருந்து மாணவர்களை வரவேற்றார்கள். அதே ஆண்டில் மாலை நேரப் படிப்புக்காக ஊரே நடத்தும் கற்றல் மையம் ஒன்றும் திறக்கப்பட்டது. 2012-இல் முதலாம் ஆண்டுக்கு மீண்டும் இரண்டு வகுப்புகள் கிடைத்தன. ஒரு வகுப்புக்கு 40 பேர் என்பது அந்நாட்டின் அளவுகோல் என்பதால், இரண்டாவது வகுப்பு கிடைப்பது ஒரு சிறு தீவுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நான் தங்கிய பயணியர் விடுதியை நடத்தும் பெண்மணி ஒரு 'தீவுப் பெற்றோர்'. வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ளூர்க் குடும்பம் ஒன்று துணையாக அமைகிறது. மாணவர்கள் தங்குவது பள்ளி விடுதியில்தான் என்றாலும், விடுமுறை நாளில் போய் உட்காரவும், வயலிலும் படகிலும் கைகொடுக்கவும், உடம்புக்கு முடியாதபோது விசாரிக்கவும் ஒரு வீடு அவர்களுக்கு இருக்கிறது. தம்மிடம் வந்த பையனைப் பற்றி அவர் சொன்னார்: "முதல் மாதங்களில் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவான். உள்ளே வா என்றால் தலைகுனிந்து நன்றி சொல்வான், வரமாட்டான். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் என்னைக் கேட்காமலே எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்தான் பாருங்கள், அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது."

அன்று மாலை அவர் வீட்டுக்கு விடைபெற வந்த மாணவர்களோடு பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருத்தி, மூன்று தீவுகளில் மிகச் சிறியதான சிபுரிஜிமாவைச் சேர்ந்தவள். அறுநூறு பேர் அளவில் வாழும் அந்தத் தீவில், மழலையர் பள்ளியில் தன்னோடு சேர்ந்த அதே சில பேருடன்தான் அவள் நடுநிலைப் பள்ளி முடியும் வரை படித்திருக்கிறாள். "அங்கே நான் பேசாத பெண். ஆசிரியர் என்னிடம் கேள்வி கேட்டால் பக்கத்திலிருப்பவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்கு என்ன பிடிக்கும், என்ன சொல்வேன் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இங்கே நகரத்திலிருந்து வந்த ஒருத்தி என்னிடம் ஏதோ கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரை காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாதே" என்றாள். சிறிய வகுப்புகளின் அருமையைப் பேசுவோர் பெரும்பாலும் கவனிக்காத உண்மை இது. ஒருவரை ஒருவர் முழுக்க அறிந்திருப்பது எவ்வளவு பெரிய ஆதரவோ, அவ்வளவு இறுக்கமான கட்டும் கூட. வேகமாக ஓடுபவன், அழுமூஞ்சி, பேசாத பெண் என்று ஐந்து வயதில் விழுந்த பெயர் பதினைந்து வயதிலும் உடன்வரும். அறிமுகமில்லாத சிலர் வந்து சேர்ந்ததால்தான் இந்த வகுப்பில் அந்தக் கட்டு தளர்ந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வேறொன்று. முந்தைய பள்ளியில் ஒரு வாரம் போகாவிட்டாலும் யாரும் கேட்டதில்லை என்றும், இங்கே ஒரு காலைப்பொழுது காணாவிட்டால் மதியத்துக்குள் துறைமுகத்து ஆட்கள்கூட விசாரிக்கிறார்கள் என்றும் ஒரு மாணவன் சொன்னான். ஆட்கள் குறைவு என்பதால் ஒருவர் விளையாட வராவிட்டால் அணியே சேராது. ஒருவர் பாடாவிட்டால் பாட்டில் ஒரு குரல் குறைவது எல்லோருக்கும் கேட்கும். சண்டை வந்தாலும் விலகிப்போக இடமில்லை, ஏனென்றால் அதே விடுதி, அதே சாலை, அதே படகு. முதலாம் ஆண்டில் வீட்டுக்கே திரும்பிவிட நினைத்த நாட்கள் தனக்கு இருந்தன என்று அவன் மறைக்காமல் சொன்னான். இந்த மூச்சுமுட்டலையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த மூன்று ஆண்டுகளைச் சரியாகச் சொன்னதாகும்.

அவர்களின் நாளை நடத்தியது பள்ளி மணி மட்டுமன்று, படகு நேரமும்தான். நிஷினோஷிமாவிலிருந்தும் சிபுரிஜிமாவிலிருந்தும் தீவிடைப் படகில் தினமும் வந்துபோகிறவர்களுக்கு மாலையின் கடைசிப் படகே எல்லை. விளையாட்டுப் பயிற்சியும் விழா ஒத்திகையும் அதற்குள் முடிய வேண்டும்; கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால் வகுப்பில் அந்த இடங்கள் காலியாக இருக்கும். இவர்களுக்கு முன்பு படித்தவர்கள் 2009-இல், மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நாடு தழுவி முதன்முறையாக நடந்த சுற்றுலாத் திட்டப் போட்டியில் முதன்மைப் பரிசை வென்றிருக்கிறார்கள். காட்சியிடங்களுக்குப் பதிலாகத் தீவு மனிதர்களைச் சந்திப்பதையே பயணத்தின் நோக்கமாக வைத்த திட்டம் அது. இந்த வகுப்பினரும் மீனவர்கள், விவசாயிகள், ஊராட்சி ஊழியர்கள் ஆகியோரோடு உட்கார்ந்து தீவின் சிக்கல்களை ஆராய்ந்து கட்டுரை எழுதியவர்கள்.

பட்டமளிப்பு மார்ச் தொடக்கத்திலேயே முடிந்திருந்தது. விடுதிப் பெண்மணி அதற்குப் போயிருந்தார். ஒவ்வொரு பெயராக அழைக்க, ஒவ்வொருவரும் ஜப்பானிய மொழியில் 'ஆம்' எனப் பொருள்படும் "ஹை" என்று உரத்துச் சொல்லி எழுந்து நின்றார்களாம். பேசாத பெண் என்று பெயர்பெற்றிருந்தவளின் குரல் கூடத்தின் கடைசி வரிசை வரை கேட்டது என்று அவர் சொல்லும்போது, சொந்த மகளைப் பற்றிச் சொல்வது போன்ற பெருமிதம் அவர் முகத்தில் தெரிந்தது. தாம் துணையாக இருந்த பையனின் பெற்றோர் அவரைத் தங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார்களாம்.

புறப்பாட்டு நாளில் ஹிஷியுரா துறைமுகத்தில் ஊரே திரண்டிருந்தது. கப்பலின் மேல்தளத்தில் நின்ற மாணவர்கள் வண்ணக் காகித நாடா உருளைகளைக் கையில் பிடித்திருக்க, நாடாக்களின் நுனிகளைக் கரையில் நிற்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே ஆளின் கையில் பத்துப் பன்னிரண்டு உருளைகள். அத்தனையும் ஒன்றாகச் சுழல்வதற்காக அவற்றின் நடுத் துளையில் ஒரு குச்சியைச் செருகியிருந்தான் ஒரு மாணவன். கயிறு அவிழ்ந்து கப்பல் பக்கவாட்டில் நகரத் தொடங்கியதும் உருளைகள் சுழன்றன, நாடாக்கள் நீண்டன, காற்றில் வளைந்தன, பிறகு ஒவ்வொன்றாக அறுந்தன. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கரையின் முனைவரை ஓடி, பெயர்களைச் சொல்லிக் கத்தினார்கள். இடமாறுதல் பெற்ற ஆசிரியர்களும் இதே நாட்களில்தான் கிளம்புகிறார்கள் என்பதால், மேல்தளத்தில் ஓர் ஆசிரியரும் கை நிறைய நாடாக்களோடு அழுதுகொண்டு நின்றார். அந்த அழுகையை அங்கே யாரும் மறைக்க நினைக்கவில்லை.

இதைப் பார்க்கச் செல்ல விரும்புவோர் மார்ச் கடைசி வாரத்துக்கான அறையை மிக முன்னதாகவே பதிவு செய்துகொள்வது நல்லது. பெற்றோர்கள் வந்து தங்கும் காலம் அது. கப்பல் காற்றையும் அலையையும் பொறுத்து நிறுத்தப்படலாம் என்பதால், முன்னும் பின்னும் ஒரு நாளைக் கையில் வைத்திருங்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கரையின் விளிம்பை மாணவர்களுக்கும் தீவுப் பெற்றோர்களுக்கும் விட்டுவிடுங்கள், படமெடுக்கப் பின்னால் இருக்கும் இடமே போதும். யாராவது உங்கள் கையிலும் ஒரு நாடாவின் நுனியைக் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கும் கொடுத்தார்கள்.