எஃப்டி-817ஐ லினக்ஸோடு பேச வைத்தது

எஃப்டி8 (பலவீனமான சிக்னலிலும் சிறு செய்திகளைக் கணினி வழியே அனுப்பும் ரேடியோ முறை) பக்கம் வருகிற ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக அதற்கான மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸை நிறுவி, பட்டியலில் தங்கள் ரிக்கை, அதாவது ரேடியோவை, தேர்ந்தெடுத்து, கணினி ரிக்கைக் கட்டுப்படுத்தும் ‘கேட்’ இணைப்பைச் சோதிக்கும் ‘டெஸ்ட் கேட்’ பொத்தானை அழுத்துகிறார்கள். பச்சை வந்தால் சரி. சிவப்பு வந்தால்? கேபிளா, அனுமதியா, வேகமா, ரிக்கின் மெனுவா என்று அந்தச் சிவப்பு சொல்லாது. அதனால் நான் கீழேயிருந்து வந்தேன். முதலில் சீரியல் போர்ட், அப்புறம் ரிக்குகளோடு பேசும் ஹாம்லிப் நிரல் தொகுப்பு, அதெல்லாம் ஓடிய பிறகுதான் எஃப்டி8. இந்த மென்பொருள்கள் திறந்த மூலமாக, தனித்தனித் துண்டுகளாக இருப்பதால்தான் இப்படி ஒவ்வொரு படியிலும் நின்று சோதிக்க முடிகிறது.

என்னிடம் இருப்பது யேசு எஃப்டி-817, 5 வாட் ரிக். அதன் பின்பக்கம் இருக்கும் 8 பின் வட்ட சாக்கெட்தான் கணினிக்கானது. அங்கே ஓடுவது 5 வோல்ட் டிடிஎல், அதாவது 0க்கும் 5 வோல்டுக்கும் இடையே மாறும் சிக்னல். பழைய ஆர்எஸ்-232 கேபிளை நேரடியாக அதில் செருகக் கூடாது, அதில் 12 வோல்ட் அளவுக்கு, அதுவும் கூட்டல் கழித்தல் இரண்டு பக்கமும் வரும், ரிக்கின் உள்ளே இருப்பது தாங்காது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்த சிஹெச்340 சிப் போட்ட யுஎஸ்பி-டிடிஎல் பலகையை வைத்து கேபிள் செய்துகொண்டேன்.

செருகினால் போர்ட் ஒரு நொடி தோன்றி மறைந்தது. கேபிள் மேல்தான் சந்தேகம் வரும், ஆனால் கர்னல் செய்திகளைப் படித்தால் காரணம் அங்கேயே எழுதியிருந்தது: பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் அந்தச் சாதனத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளை இயக்குகிற நிரல் அது. அப்படிப்பட்ட ஒரு திரையிலும் இதே யுஎஸ்பி அடையாள எண் இருப்பதால், சிஹெச்340ஐக் கண்டதும் பிரெய்ல் திரை என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. இணையத்தில் எல்லோரும் ‘அதை நீக்கிவிடு’ என்கிறார்கள். ஹாம்களில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் உண்டு, உங்கள் கணினியை அப்படி ஒருவரும் பயன்படுத்துகிறார் என்றால் தயவுசெய்து நீக்காதீர்கள், சாதனம் செருகப்படும்போது என்ன செய்வது என்று சொல்லும் யுடெவ் விதிக் கோப்பில் அந்த ஒரு எண்ணுக்கான வரியை மட்டும் முடக்கினால் போதும். நானும் அதைத்தான் செய்தேன். பிறகு என் பயனர் பெயரை சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன். போர்ட் மறையாமல் நின்றது.

அடுத்து ஹாம்லிப்போடு வரும் ரிக்சிடிஎல் என்ற சின்னக் கருவி. ரிக்கின் மாடல் எண்ணைக் கொடுக்க வேண்டும்: பழைய குறிப்புகளில் எஃப்டி-817க்கு 120 என்று இருக்கும், ஹாம்லிப் 4 வந்த பிறகு அது 1020. ரிக்கில் மெனு 14இல் இருக்கும் கேட் வேகமும் (வாங்கும்போது 4800) நாம் கொடுக்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஸ்டாப் பிட் இரண்டு. எஃப் என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினேன், திரையில் 14074000 வந்தது, ரிக் நின்ற அதிர்வெண், ஹெர்ட்ஸில். டயலைத் திருப்பிவிட்டு மறுபடி தட்டினேன், எண் மாறியது. எனக்கு எஃப்டி8இல் கிடைத்த முதல் தொடர்பைவிட இந்த எண்தான் பெரிய சந்தோஷம்.

உள்ளே நடப்பது மிக எளிது. ஒவ்வொரு கட்டளையும் 5 பைட். 14.074 மெகாஹெர்ட்ஸுக்குப் போ என்பது 01 40 74 00, கடைசியில் கட்டளை எண் 01, அவ்வளவுதான். 08 என்றால் அனுப்பத் தொடங்கு, 88 என்றால் நிறுத்து. மற்ற ரிக் நிறுவனங்களில் ஐகாமின் பாஷை வேறு, கென்வுட்டின் பாஷை வேறு. இந்த எல்லா பாஷைகளையும் 2000ஆம் ஆண்டிலிருந்து தன்னார்வலர்கள் உட்கார்ந்து எழுதி வைத்ததுதான் ஹாம்லிப். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், எஃப்எல்டிஜி போன்ற ஹாம் மென்பொருள்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. அதை எழுதியவர்களுக்கு நாம் போதுமான அளவு நன்றி சொல்வதில்லை.

ஒலிப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேட்டா சாக்கெட்டிலிருந்து ஒரு மலிவு யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்குக் கம்பி, ரிக்கின் டிஜி (டிஜிட்டல்) முறையை யூசர்-யூ என்று வைப்பது, ஏஎல்சி (ஒலி மிகுந்தால் தானே குறைக்கும் சுற்று) மீட்டர் அசையாத அளவுக்குக் கணினியின் ஒலியைக் குறைத்து வைப்பது. எஃப்டி8 அனுப்பும் 12.64 நொடியும் முழுச் சக்தியில் ஓடும், சின்ன ரிக் சூடாகும், அதனால் 2.5 வாட்டிலேயே வைத்தேன்.

உண்மையான தொல்லை இதற்குப் பிறகுதான். அனுப்பத் தொடங்கியதும் யுஎஸ்பி போர்ட் விழுந்தது. ஆன்டெனா கம்பி மேசைக்கு மிக அருகே போனதால் ரேடியோ அலை கேபிள் வழியாகக் கணினிக்குள் வந்துகொண்டிருந்தது. இதில் ஆபத்து என்னவென்றால், போர்ட் விழுந்த பிறகு அந்த 88 ரிக்குக்குப் போய்ச் சேராது, கணினி நிறுத்திவிட்டதாக நினைக்கும், ரிக் அனுப்பிக்கொண்டே இருக்கும். கை எப்போதும் ரிக்கின் பவர் பொத்தான் அருகே இருக்கட்டும். இரண்டு கேபிள்களிலும் கிளிப் ஃபெரைட் (ரேடியோ அலையைத் தடுக்கும் வளையம்) மாட்டி, ஆன்டெனாவின் ஊட்டுமுனையை மொட்டைமாடியின் மறுகோடிக்கு நகர்த்திய பிறகு அந்தத் தொல்லை நின்றது.

எஃப்டி8ஐ 2017இல் கொடுத்தவர்கள் ஸ்டீவ் ஃபிராங்கும் ஜோ டெய்லரும். டெய்லர், இன்னொரு விண்மீனோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல்சாரை (துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் விண்மீனை) கண்டுபிடித்ததற்காக 1993இல் இயற்பியல் நோபல் பெற்றவர். சத்தத்துக்குள் புதைந்த சிக்னலை எடுப்பதில் வாழ்ந்த மனிதரின் வேலை என்பது பயன்படுத்தும்போதே தெரிகிறது, காதுக்கு வெறும் இரைச்சலாக இருக்கும் இடத்தில் திரையில் கால்சைன் (நிலையத்தின் அழைப்புப் பெயர்) வரும். திருச்சியிலிருந்து எம்கே90 என்று என் கட்டத்தை (உலக வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் குறியீட்டை) அனுப்ப, மாலையில் இத்தாலி நிலையம் ஒன்று பதில் கொடுத்தது, சத்தத்தோடு ஒப்பிட்டால் மைனஸ் 17 டெசிபெல்.

ஒன்று மட்டும் பாக்கி, நேரம். கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும், சில நொடிகள் தள்ளிப்போனால் எதுவும் படிக்காது. வீட்டில் இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் குரோனி நிரல் பார்த்துக்கொள்கிறது. இணையம் இல்லாத இடத்துக்கு ரிக்கைக் கொண்டுபோக நியோ-6எம் ஜிபிஎஸ் பலகை ஒன்றை வைத்திருக்கிறேன், அதுவும் 9600 வேகத்தில் பேசும் சீரியல் சாதனம்தான், ஜிபிஎஸ்டி என்ற நிரல் வழியாக நேரம் கொடுக்கிறது. இரண்டு சாதனங்களும் சேர்ந்தால் சீரியல் போர்ட் எண்ணில் எது 0, எது 1 என்பது செருகும் வரிசைப்படி மாறும், அதனால் மென்பொருளில் அந்த எண்களைக் கொடுக்காமல் ‘பை-ஐடி’ அடைவில் இருக்கும் நிலையான பெயர்களைக் கொடுத்துவிடுங்கள்.